லாபம், ரெண்டு, மூணு

"வரிசையில முதல்ல நிக்கிறவங்க நம்பர் என்ன?" என்று ஷீபா மிஸ் கேட்டார்.

பன்னிரண்டு பேரும் ஒரே குரலில் "ஒண்ணு" என்றோம். நாற்பதை எட்டிப் பார்க்கிற பொம்பளைகளிடம் கேட்கிற கேள்வியா இது என்று எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பால்வாடிப் பிள்ளையைக் கேட்டால்கூடச் சொல்லுமே.

மிஸ் போர்டுப் பக்கம் திரும்பினார். எங்கள் வரிசையில் உட்கார்ந்திருந்த ஆறு பேரின் பெயர்களை எழுதினார். முத்துலட்சுமி, பாக்கியம், செல்வி, ரோஸ்மேரி, காளீஸ்வரி, சுப்புத்தாய். இதில் பாக்கியம் நான். எழுதி முடித்துவிட்டு, முதல் பெயரின் தலைக்கு மேலே பெரிதாக ஒரு முட்டையைப் போட்டார்.

"கம்ப்யூட்டர் சைபர்ல இருந்துதான் எண்ணும். முதல் ஆள் சைபர். ரெண்டாவது ஆள்தான் ஒண்ணு."

அறை கொதித்துவிட்டது.

"அதெப்படி மிஸ், ஒரு மனுஷியப் பாத்து சைபர்னு சொல்லுவீக? அவ வீட்டாளுக சண்டைக்கு வந்துருவாக" என்றாள் செல்வி.

"வெள்ளனத்துல மொதப் பெட்டியத் தூக்கி சைபர்னு எண்ணினா அன்னிக்குப் பொழுது வெளங்குமா?" என்றாள் சுப்புத்தாய்.

முட்டை வாங்கிய முத்துலட்சுமி என் பக்கத்தில்தான் இருந்தாள். போர்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து நின்றாள். எங்களில் யாருக்கும் எழுந்து நின்று பேசும் பழக்கம் கிடையாது. அவள் மட்டும் நிற்பாள்.

"மிஸ், அது சைபர் இல்ல. லாபம்."

வெளியூர்க்காரர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். நாங்கள் பன்னிரண்டு பேரும் பட்டாசு வேலைக்காரிகள். எங்கள் பேக்கிங் ஹாலில் பெட்டி எண்ணும்போது யாரும் ஒன்று என்று சொல்லமாட்டோம். முதல் பெட்டியைத் தூக்கி வைக்கும்போது 'லாபம்' என்போம். பிறகு ரெண்டு, மூணு, நாலு. தானியக் கடையில் மரக்காலில் அளந்து போடுகிறவர்கள் சொல்கிற வழக்கம் இது. எங்களுக்கு யார் கொண்டுவந்து கொடுத்தார்களோ தெரியாது. தப்பித்தவறி ஒருத்தி 'ஒண்ணு' என்று ஆரம்பித்துவிட்டால், பெட்டியை இறக்கி வைத்துவிட்டு மறுபடியும் எண்ணச் சொல்லுவோம்.

"அப்படியே வச்சுக்கோங்க. முட்டை இருக்கிற இடத்துல லாபம்" என்றார் மிஸ். பாவம், அந்தப் பிள்ளைக்கு வகுப்பு அமைதியானால் போதும் என்று இருந்தது.

வகுப்பு அமைதியானது. வினை அங்கேதான் ஆரம்பித்தது.

ஆபீஸ் போன கதை

போன வாரம் இந்தத் தொடரில் என் கல்யாணப் பந்தியில் ரசம் தீர்ந்துபோனதை எழுதியிருந்தேன். அதைப் படித்த நாளிலிருந்து என் சின்ன மாமியார் என்னோடு பேச்சை நிறுத்திவிட்டார். நிம்மதியாக இருக்கிறது. இந்த வாரம் எந்தப் பந்தியும் இல்லை, அவர்கள் தைரியமாகப் படிக்கலாம்.

எங்கள் பக்கம் பட்டாசுத் தொழிற்சாலைக்குப் பெயர் பயராபீஸ். என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் "பொண்ணு ஆபீஸ் போறா" என்றுதான் எங்கள் அப்பா சொன்னார். ஃபேனுக்கடியில் உட்கார்ந்து பேப்பர் புரட்டுகிற பெண் என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். கல்யாணம் முடிந்து மூன்றாம் நாள் நான் தூக்குவாளியோடு நாரணாபுரம் பஸ் ஏறியபோதுதான் விஷயம் விளங்கியது. என் வீட்டுக்காரர் இன்றைக்கும் சண்டை என்று வந்தால் அந்த ஆபீஸை இழுக்காமல் விடமாட்டார்.

நான் ப்ளஸ் டூ பாஸ். அந்தச் சர்ட்டிபிகேட் பீரோவில் ஞானஸ்நானச் சான்றிதழுக்கு அடியில் கிடந்தது. இரண்டையும் யாரும் கேட்டதில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது பக்கத்து யூனிட் ஒன்றில் விபத்து நடந்தது. அதைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. எழுதிப் பார்த்தேன், வரவில்லை. அதற்குப் பிறகு சோதனை, அனுமதி, மறுசோதனை என்று எங்கள் கம்பெனியும் சில மாதங்கள் மூடிக் கிடந்தது.

அந்தச் சும்மா இருந்த நாட்களில்தான் முத்து ஒரு நோட்டீஸைக் கொண்டுவந்து என் மடியில் போட்டாள். பெண்களுக்கு இலவசக் கம்ப்யூட்டர் பயிற்சி. ஊருக்கு வெளியே ஒரு கல்லூரியில் நடத்துகிறார்கள். முடிவில் பரீட்சை. தேறுகிறவர்களில் ஒரே ஒரு ஆளை, காலண்டர் அடிக்கிற பிரஸ் ஒன்றின் கம்ப்யூட்டர் செக்ஷனில் வேலைக்கு எடுப்பார்கள்.

"அக்கா, நீயும் வா. ஒத்தையில போக எனக்கு ஒரு மாதிரியா இருக்கு" என்றாள்.

துணைக்குத்தான் போனேன். இதை நான் ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன்.

"என்ன படிக்கப் போறியாம்?" என்று கேட்டார் வீட்டுக்காரர். அவர் ஆலங்குளத்துக்குச் சுண்ணாம்புக்கல் லோடு அடிக்கிற லாரிக்காரர்.

"பைத்தான்."

"பைத்தியமா? அதுக்குப் படிக்க வேற செய்யணுமா?"

மூன்று மாதமும் தெருவில் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் "வீட்டுல பைத்தியம் படிக்கிறாக" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டு திரிந்தார் அந்த மனிதர். பைத்தான் என்பது ஒரு கம்ப்யூட்டர் பாஷை, அந்தப் பெயருக்கு மலைப்பாம்பு என்று அர்த்தம் என்று மிஸ் சொன்ன அன்றைக்கு, அவர் தட்டில் சோற்றைப் போட்டுவிட்டு அந்த விளக்கத்தையும் போட்டேன். "பொருத்தந்தான்" என்றார்.

முத்துவின் கை

எங்கள் பக்கம் மருந்து என்றால் வெடிமருந்து. காய்ச்சலுக்குத் தின்பது மாத்திரை. முத்து மருந்து ரூமில் இருந்தவள். குழலில் மருந்தை அளந்து அடைக்கிற வேலை. பதினெட்டு வருஷம். அடைக்கிற வேலை இல்லாத நாட்களில் எங்கள் ஹாலுக்கு வந்து பெட்டி எண்ணுவாள். நான் பேக்கிங்கில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசிக்கொண்டு லேபிள் ஒட்டுகிற ஜாதி, அவள் பேசமாட்டாள். அந்த ரூமில் பேசக் கூடாது.

விபத்து நடந்த அன்று, சத்தம் கேட்ட பக்கமாக எங்கள் ஆபீஸிலிருந்து முதலில் ஓடியவள் அவள். என்ன பார்த்தாள் என்று என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஒரு வாரம் கழித்து அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். டீ கொண்டுவந்து நீட்டினாள். தம்ளர் தட்டில் கிடந்து கடகடவென்று அடித்துக்கொண்டது.

"எத்தனை நாளா இப்படி?"

"அன்னிலேர்ந்துதான்."

"போர்மேன்ட்ட சொல்ல வேண்டியதுதான? பேக்கிங்குக்கு மாத்துவாகல்ல?"

"மாத்தக் கேட்டேன். அங்கன ஆள் நெறஞ்சிருக்குன்னுட்டாக. கை நடுங்குதுன்னு சொல்லலக்கா. சொன்னா இந்த வட்டாரத்துல எந்த ஆபீஸ்லயும் என்னயச் சேக்க மாட்டாக."

அவள் வீட்டுக்காரர் இடுப்பு ஒடிந்து படுத்துக் கிடந்தவர். அவள் வேலைக்குப் போகாமல் இருக்க முடியாது. போனால் அந்த ரூம்தான். நடுங்குகிற கை அந்த ரூமில் ஒருத்தியோடு போகிற விஷயம் இல்லை. கூட உட்கார்ந்திருக்கிற மூன்று பேரையும் சேர்த்துக் கொண்டுபோகும். கம்பெனி திறப்பதற்குள் அவளுக்கு வேறு வேலை கிடைத்தாக வேண்டும். அவ்வளவுதான் கணக்கு.

இருக்கன்குடி மாரியம்மனுக்கு வெள்ளியில் கை உரு வாங்கிப் போடுவதாக வேண்டிக்கொண்டாள். நான் என் பங்குக்கு ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் முழங்காலில் நின்றேன். இரண்டு பேரில் யாருக்குப் பைத்தான் தெரியுமோ, அவர் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டோம்.

ஒரு ரூமுக்கு நாலு பேர்

முதல் நாள் லேப் வாசலில் முத்து நின்றுகொண்டு சுவரைத் தடவினாள்.

"சுவிட்ச் தேடுறீங்களாக்கா?" என்று கேட்டார் ஷீபா மிஸ்.

சுவிட்ச் இல்லை. மருந்து ரூம் வாசலில் ஒரு செம்புத் தகடு அடித்திருக்கும். உடம்பில் ஏறியிருக்கிற கரண்டு இறங்குவதற்காக அதைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே கால் வைக்க வேண்டும். பதினெட்டு வருஷம் தொட்ட கை, இங்கேயும் தேடியது. கடைசியில் கதவுத் தாழ்ப்பாளைத் தொட்டுவிட்டு வந்தாள்.

உள்ளே வந்தவள் தலைகளை எண்ணினாள். "மிஸ், பன்னெண்டு பேர் இருக்கோம். ஒரு ரூமுக்கு நாலு பேருக்கு மேல கூடாதே."

"யார் சொன்னா?"

"ரூல்ஸ் மிஸ்" என்றோம் எல்லோரும்.

அடுத்த பிரச்சினை நாற்காலி. கம்ப்யூட்டரெல்லாம் சுவரைப் பார்த்து இருந்தது. உட்கார்ந்தால் கதவு முதுகுக்குப் பின்னால். எங்களில் ஒருத்திக்கும் அது ஒத்துவரவில்லை. எங்கே உட்கார்ந்தாலும் கதவு கண்ணில் பட வேண்டும், குறுக்கே ஒரு செருப்புகூடக் கிடக்கக் கூடாது. அரை மணி நேரம் நாற்காலிகளை இழுத்து இழுத்து, எல்லோரும் ஒருக்களித்து உட்கார்ந்து, கழுத்தை மட்டும் திருப்பிக்கொண்டு பாடம் கேட்டோம். கழுத்து பிடித்துக்கொண்டதுதான் மிச்சம்.

பிறகு மிஸ் ஒரு வரி அடிக்கச் சொன்னார். வணக்கம் என்று திரையில் வர வேண்டும், அவ்வளவே. முத்துதான் முதலில் அடித்து முடித்து ரன் பட்டனை அமுக்கினாள். மேற்கோள் குறி ஒன்றை விட்டுவிட்டாள் போல. திரையில் சிவப்பு எழுத்து பொலபொலவென்று வந்து விழுந்தது.

"எர்ரர்" என்றார் மிஸ், சாதாரணமாக.

அவர் திரும்பிப் பார்த்தபோது அறையில் ஒருத்திகூட இல்லை. பன்னிரண்டு பேரும் வராந்தாவைத் தாண்டி வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தோம். சுப்புத்தாய்க்கு மூட்டுவலி, அவள்தான் எல்லோருக்கும் முன்னால் போய்ச் சேர்ந்திருந்தாள்.

மிஸ் வெளியே வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தார். அவருடைய அம்மா அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். எங்கள் ஊர்க் கதை அந்தப் பிள்ளைக்குத் தெரியாமல் இருக்காது. சிரிக்கவில்லை.

"அக்கா, இங்க தப்பு வந்தா ஒண்ணும் ஆகாது. வரட்டும். எத்தனை தடவை வேணும்னாலும் வரட்டும்."

"ஒண்ணுமே ஆகாதா?" என்று கேட்டாள் முத்து.

"ஒண்ணுமே ஆகாது."

"மிசினு?"

"மிஷினும் அப்படியே இருக்கும்."

முத்து இரண்டு தரம் தலையை ஆட்டிவிட்டு, செருப்பை ஓரமாகக் கழற்றி வைத்து உள்ளே போனாள். அன்றைக்கு அவள் வேண்டுமென்றே ஏழெட்டு எர்ரர் போட்டுப் பார்த்தாள்.

என்னைக் காணோம்

இப்போது லாபத்துக்கு வருவோம்.

பெயர்களையெல்லாம் சதுர அடைப்புக்குள் ஒரு பட்டியலாக எழுதியாகிவிட்டது. அதிலிருந்து ஒவ்வொரு பெயரையும் நம்பர் சொல்லிக் கூப்பிட்டுத் திரையில் வரவைக்க வேண்டும். ஆறு பெயருக்கு ஆறு வரி. முத்து உதட்டுக்குள் எண்ணிக்கொண்டே அடித்தாள். லாபம், ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு, ஆறு. லாபத்துக்கு முட்டை. மற்றதற்கெல்லாம் அதது நம்பர்.

ரன் போட்டாள். முத்துலட்சுமி வந்தாள். செல்வி வந்தாள். ரோஸ்மேரி, காளீஸ்வரி, சுப்புத்தாய் வந்தார்கள். கடைசியில் ஒரு சிவப்பு எர்ரர் வந்தது.

"ஏ புள்ள, நான் எங்கடி?" என்றேன்.

மறுபடியும் போட்டாள். மறுபடியும் நான் இல்லை. பின்வரிசையில் போய்ப் பார்த்தால் அங்கேயும் இதே கூத்து. வகுப்பில் யார் அடித்தாலும் இரண்டாவது பெயரைக் காணோம்.

"உங்க எர்ரர் என்ன சொல்லுதுன்னா, வரிசையில ஆறுங்கிற நம்பர்ல யாருமே இல்லைங்குது" என்றார் மிஸ்.

அதாவது, இருக்கிற என்னை விட்டுவிட்டு, இல்லாத ஒருத்தியைக் கூப்பிட்டிருக்கிறார்கள். பதினெட்டு வருஷம் சோற்றைப் பங்கு போட்டுத் தின்ற ஸ்நேகிதி செய்கிற காரியமா இது?

மிஸ்ஸுக்குப் பிடிபடவே ஒரு நாள் ஆனது. மறுநாள் முத்துவின் பின்னால் நின்று அவள் முணுமுணுப்பதைக் காது கொடுத்துக் கேட்டார். பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டார். "அக்கா! லாபத்துக்கு அப்புறம் ஒண்ணு எங்க?"

"லாபந்தான மிஸ் ஒண்ணு?"

"இங்க லாபம் சைபர். அதுக்கப்புறம் ஒண்ணு வரணும். லாபம், ஒண்ணு, ரெண்டு."

பன்னிரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். லாபத்துக்கு அப்புறம் ஒண்ணா? சொல்லிப் பார்த்தோம். நாக்கு ஏறவில்லை. லாபம் என்று ஆரம்பித்தால் வாய் தானாக ரெண்டுக்குத் தாவியது. லாபத்தைத் தூக்கிப்போட்டுவிட்டு சைபர், ஒண்ணு என்று சொல்லுங்கள் என்றார் மிஸ். யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. முதல் எண்ணிக்கையே ஒன்றுமில்லை என்று ஆரம்பிக்க எங்களில் ஒருத்திக்கும் மனசு வரவில்லை.

பிள்ளையாருக்கு ஒரு நம்பர்

இரண்டு நாள் கழித்து முத்து ரன் போட்டாள். நான் வந்தேன். வரிசையில் ரெண்டாவதாக, ஜம்மென்று வந்தேன். எர்ரரும் இல்லை.

மிஸ் ஓடிவந்தார். "சூப்பர்க்கா! ஒண்ணுன்னு மாத்திட்டீங்களா?"

"இல்ல மிஸ். லாபம், ரெண்டு, மூணுதான்."

"அப்ப எப்படி வருது?"

முத்து பட்டியலைக் காட்டினாள். முத்துலட்சுமி, பிள்ளையார், பாக்கியம், செல்வி என்று போனது அது.

"அந்த ஒண்ணாம் நம்பர்தான எங்க எண்ணிக்கைல இல்லாதது? அந்த எடத்துல பிள்ளையாரை உக்கார வச்சுட்டேன். அவரை யாரும் கூப்பிட மாட்டோம். அவரு பாட்டுக்கு இருப்பாரு."

ஷீபா மிஸ் மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அன்று சாயங்காலத்துக்குள் பன்னிரண்டு கம்ப்யூட்டரிலும் பிள்ளையார் குடியேறிவிட்டார். ரோஸ்மேரியும் நானும் மட்டும் கூடிப் பேசி, தேவதூதன் என்று போட்டுக்கொண்டோம்.

இதையெல்லாம் எழுதும்போது ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வகுப்பில் நல்ல பெயர் எனக்குத்தான். மிஸ் போர்டில் எழுதுகிற ப்ரோகிராமை ஒரு புள்ளி பிசகாமல் அப்படியே அடித்துவிடுவேன். ஞாயிறு பள்ளியில் சங்கீதங்களை மனப்பாடமாக ஒப்பித்து தம்ளர் பரிசு வாங்கியவள் நான். இந்த நாலு வரி எனக்கு எம்மாத்திரம்? முத்து தப்புத் தப்பாக அடித்து, ஏன் தப்பு என்று அரை மணி நேரம் முறைத்துப் பார்த்துக்கொண்டிருப்பாள். எனக்கு அவளைப் பார்த்தால் பாவமாக இருக்கும்.

பரீட்சை

பிரஸ்ஸிலிருந்து ஓர் அம்மா வந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிற ஆள். கடைகளின் பெயர் கொண்ட காகிதத்தை ஆளுக்கொன்று கொடுத்தார். பட்டியல் போட்டு, ஒவ்வொரு கடையின் பெயரும் ஒரு காலண்டருக்கு ஒன்றாகத் திரையில் வர வேண்டும்.

நான் முதலில் முடித்தேன். பட்டியல் முழுவதையும் தானாகவே ஓட்டிக் காட்டுகிற லூப் ஒன்றை மிஸ் சொல்லிக்கொடுத்திருந்தார். அதை அப்படியே இறக்கிவிட்டேன். சுத்தமாக வந்தது. அந்த அம்மா பார்த்தார். "நல்லாருக்கு. இதுல மூணாவது கடைக்காரர் ஆர்டர் வேண்டாம்னுட்டாரு. அவரை மட்டும் விட்டுட்டு மத்ததை வரவை."

நான் முழித்தேன். அப்படி ஒரு பாடம் போர்டில் எழுதவில்லையே. பிறகு, வாய்க்கு வந்த அடுத்த சங்கீதத்தை எடுத்துவிட்டேன், அதாவது மிஸ் வேறெதற்கோ எழுதிப்போட்ட ப்ரோகிராமை. பெருக்கல் வாய்ப்பாடு வந்தது. மூணாவது கடை இருந்த இடத்தில் பதினாறாம் வாய்ப்பாடு.

அந்த அம்மா பக்கத்து நாற்காலிக்குப் போனார். அங்கே முத்து.

"ஏம்மா, ரெண்டாவது கடை பிள்ளையாரா? நான் குடுத்த லிஸ்ட்ல அப்படி ஒரு கடை இல்லையே. எந்த ஊர்ல வச்சிருக்காரு?"

"கடை இல்லைங்கம்மா. எங்க எண்ணிக்கைல அந்த நம்பர் கெடையாது. எடத்தை நெரப்ப வச்சிருக்கேன்."

"நாளைக்கு வேற ஒருத்தர் இந்த லிஸ்ட்டை எடுத்து ஓட்டினா, பிள்ளையாருக்கும் சேத்துக் காலண்டர் அடிச்சு அனுப்பிருவாங்களே. அவரை எடுத்துட்டு ஓட்டு."

முத்து பிள்ளையாரை அழித்தாள். ரன் போட்டாள். இரண்டாவது கடையைக் காணோம். கீழே சிவப்பு.

அவள் கை ஆரம்பித்துவிட்டது. மவுஸ் மேஜையில் டகடகவென்று அடித்தது. இடது கையால் வலது கையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டாள். எனக்கு என் வாய்ப்பாடு மறந்துபோனது. போச்சு, இனி இவள் அந்த ரூமுக்குத்தான் போகப்போகிறாள் என்று நினைத்தேன்.

முத்து எழுந்து ஓடவில்லை. சிவப்பு எழுத்தை ஒவ்வொரு சொல்லாகப் படித்தாள். பிறகு சொன்னாள்.

"தப்பு மிசின்ல இல்லைங்கம்மா. என் வாயில இருக்கு. லாபத்துக்குப் பெறகு ரெண்டுன்னே சொல்லிப் பழகின வாயி. அது சொல்லுறதையே கை அடிக்குது. இனிமே வாய மூடிட்டு அடிக்கேன்."

உதட்டைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு வரியாக நம்பரை மாற்றினாள். ஒண்ணு என்று வர வேண்டிய இடத்தில் பதினொன்று விழுந்தது. ஒன்றை அழித்தாள். அடுத்ததிலும் இரண்டு தரம் விழுந்தது. அழித்தாள். கடைசியாக ரன் போட்டாள். எல்லாக் கடையும் வந்தது.

"மூணாவது கடை வேணாம்" என்றார் அந்த அம்மா.

முத்து ஒரு வரியை எடுத்தாள். அவ்வளவுதான்.

"கை ஏன் இப்படி நடுங்குது?"

"நடுங்கும்மா. மருந்து ரூம்ல இருந்தேன்." அதை அவள் வெளியாள் ஒருவரிடம் சொன்னது அன்றுதான் முதல் தடவை.

"இப்படி நடுங்கினா எப்படி டைப் அடிப்ப?"

"ரெண்டு எழுத்து விழுந்தா ஒண்ணை அழிச்சிருவேம்மா."

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். காகிதத்தில் என்னவோ எழுதினார்.

வயிற்றெரிச்சல்

வேலை முத்துவுக்குக் கிடைத்தது. மிஸ் பெயரைப் படித்தபோது வகுப்பே கை தட்டியது, நானும் தட்டினேன். தட்டிக்கொண்டே இருந்தபோது எனக்கு வயிறு எரிந்தது. சும்மா இல்லை, மிளகாய் அரைத்த கையை வைத்த மாதிரி எரிந்தது. நான் வகுப்பில் முதல், அவள் பிள்ளையாரை வைத்து ஒப்பேற்றியவள், அவளுக்கா வேலை என்று எரிந்தது. துணைக்குத்தான் போனேன் என்று நான் ஊரெல்லாம் சொன்னது பச்சைப் பொய். அந்த வேலை எனக்கும் வேண்டியிருந்தது. எத்தனை ஆசையாக வேண்டியிருந்தது என்று அன்றுதான் எனக்கே தெரிந்தது.

இருக்கன்குடிக்கு அவளோடு நானும் போனேன். வெள்ளிக் கையை அவள் உண்டியலில் போட்டபோது பக்கத்தில் நின்றேன். அதன் பிறகு நாலு நாள் நான் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஐந்தாம் நாள் பிரஸ்ஸிலிருந்து அவளே போன் போட்டாள்.

"அக்கா, இங்கன ஏசிக்காகக் கதவை மூடியே வச்சிருக்காக. மூச்சு முட்டுது. தெறந்து வச்சா வையுறாக."

"மூடிட்டு இருடி" என்றேன். அவள் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

நிதானமான கை

அதே மாதம் கம்பெனியைத் திறந்தார்கள். சீசன் நெருங்கிவிட்டது, ஆர்டர் குவிந்து கிடந்தது. நான் தூக்குவாளியோடு என் இடத்தில் போய் உட்கார்ந்தேன். லேபிள், பசை, ஊர்க்கதை. மூன்று மாதக் கதை பாக்கி இருந்தது. பிள்ளையார் கதையைச் சொன்னபோது ஹாலே குலுங்கியது.

அந்தச் சிரிப்புக்கு நடுவில் போர்மேன் அண்ணாச்சி வந்து நின்றார். கெட்ட மனிதர் இல்லை. இருமிக்கொண்டே பேசுவார்.

"பாக்கியம், முத்து போயிட்டாள்ல. மருந்துக்கு ஒரு ஆள் கொறையுது. நாளைலேர்ந்து நீ அங்கன உக்காரு. பேக்கிங்ல உன் கைதான் நிதானமான கை."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு வேடிக்கை செய்யாமல் இருக்கத் தெரியாது. வலது கையைத் தூக்கினேன். சாமி வந்தவள் மாதிரி அதை உதறினேன்.

"ஐயோ அண்ணாச்சி, எனக்கும் கை நடுங்குதே! முத்துட்டருந்து ஒட்டிக்கிருச்சு போல!"

ஹால் சிரித்தது. அண்ணாச்சியும் சிரித்தார். "வெளையாடாத தாயி. நாளைக்குக் காலைல வந்துரு, சரியா?"

நானும் சிரித்துக்கொண்டே கையை இறக்கி, அட்டைப்பெட்டியின் மேல் வைத்தேன். கை நிற்கவில்லை. பெட்டியின் மூடி படபடவென்று அடித்துக்கொண்டது. இடது கையால் பிடித்தேன். அப்போதும் நிற்கவில்லை. போதும் நிறுத்துக்கா, என்றாள் எதிரே இருந்தவள். நான் நிறுத்தித்தான் இருந்தேன்.

சிரிப்பு ஒவ்வொரு பக்கமாக அடங்கியது.

அண்ணாச்சி என் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். இருமல்கூட வரவில்லை. "சரிம்மா. நீ இங்கனயே இரு. நான் வேற ஆள் பாக்கேன்" என்றார். அப்படியே தலையைத் திருப்பி, ஹாலில் உட்கார்ந்திருந்தவர்களை ஒவ்வொருத்தியாகப் பார்க்க ஆரம்பித்தார்.

அத்தனை பேரும் கைகளை மடிக்குள் மறைத்துக்கொண்டார்கள்.